ஐப்பசி முதல் வாரம்: டெல்டாவுக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான இயல்பான நாளாக இந்திய வானிலைத் துறை அக்டோபர் 20ஐக் கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தொடங்குவது வழக்கத்துக்கு மாறானது அன்று. 2024இல் அது அக்டோபர் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஐப்பசி பிறக்கும் இந்த வாரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மழை பெய்துவிட்டதாலேயே பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வடக்கிலிருந்து 15 பாகை வட அகலாங்கு வரை, அதாவது தெற்கு ஆந்திரம் வரை, விலகியிருக்க வேண்டும். கடலோரத்தில் கிழக்குக் காற்று நிலையாக வீசத் தொடங்கி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் பரவலாக மழையும் பதிவாகியிருக்க வேண்டும். இவை அனைத்தும் கூடிவந்தாலும் அக்டோபர் 10க்கு முன்னர் தொடக்கத்தை அறிவிப்பதில்லை. இந்த மாற்றத்தைக் கருவி எதுவும் இல்லாமலேயே, மழை பெய்யும் நேரத்தைக் கொண்டு நாம் ஓரளவு அறிந்துகொள்ள முடியும். பகல் முழுவதும் வெயில் கொளுத்தி, மாலையில் மேற்கே கருத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு ஓய்ந்தால் அது வெப்பச்சலன மழை. அதற்கு மாறாக, நள்ளிரவுக்குப் பின் கடலிலிருந்து மேகத் திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்து, விடியும்வரை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கினால் கிழக்குக் காற்று வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம். நிலத்திலிருந்து கடலை நோக்கி இரவில் வீசும் காற்று, எதிரே வரும் கிழக்குக் காற்றோடு கரையோரத்தில் முட்டும்போது ஈரக்காற்று மேலெழுந்து மழையாகிறது. இந்த வாரத்தின் முற்பாதியில் முதல் வகையையும், காற்று திரும்பிய பின்னர் இரண்டாம் வகையையும் எதிர்பார்ப்பதே பொருத்தமாக இருக்கும். காற்று மாறும் இந்த நாள்களில் இடி மின்னல் மிகுதி என்பதால், பிற்பகலில் வானம் கருத்ததுமே வயலில் நிற்பவர்கள் கரையேறிவிட வேண்டும்.

அக்டோபர் நடுவில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாவது இயல்பு. அது உருவாகப்போகிறது என்ற செய்தி வந்த உடனேயே வாட்ஸப்பில் வண்ணப் படங்கள் பறக்கத் தொடங்கிவிடுகின்றன. தாழ்வுப் பகுதி உருவாகுமா என்பதைக் காட்டிலும், அது கரையைத் தொடும்போது நாம் அதற்கு எந்தப் பக்கத்தில் இருப்போம் என்பதே நமக்கு முக்கியமான கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது டெல்டாவுக்கு நேரே, அல்லது சற்றுத் தெற்கே வந்தால், கடலின் ஈரத்தைச் சுமந்த கிழக்குக் காற்று நம்மீது பாய்ந்து மழையைத் தரும். அதுவே ஆந்திரக் கரையை நோக்கி நகர்ந்துவிட்டால் காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கி, ஈரத்தையெல்லாம் வடக்கே இழுத்துக்கொண்டு, நமக்குச் சில நாள் வறண்ட வானிலையையே விட்டுச்செல்லும்.

2024 அக்டோபரில் நடந்தது இதற்குத் தக்க சான்று. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வெள்ளத்துக்கு அஞ்சிச் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்தனர். 15ஆம் தேதி கனமழை பெய்தது உண்மையே. ஆனால் தாழ்வுப் பகுதி வலுத்து உருவான தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்ததால், அஞ்சிய பெருமழை தெற்கு ஆந்திரத்தின் பக்கம் விலகியது. இதைச் சொல்லி எச்சரிக்கைகளை எள்ளுவது தவறு. கடலில் உள்ள ஒரு சுழற்சியின் பாதை 100 கிலோமீட்டர் விலகினாலே எந்த மாவட்டம் நனையும் என்பது மாறிவிடும்; அவ்வளவு நுட்பமான விலகலைப் பல நாள்களுக்கு முன்பே சொல்லும் திறன் எந்தக் கணினி மாதிரிக்கும் கிடையாது. ஆகவே வார முன்னறிவிப்பில் முதல் மூன்று நாள்களுக்கு உரியதை வைத்து வேலைகளைத் திட்டமிடலாம். பின்னுள்ள நாள்களுக்கு உரியதைப் போக்கு என்ற அளவில் மட்டும் கொண்டு, நாள்தோறும் புதிய அறிக்கையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 செ.மீ. வரை, மிகக் கனமழை என்றால் 20.4 செ.மீ. வரை, அதற்கும் மேலே அதி கனமழை. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் நீர் சேர்கிறது. வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டிக் கிடந்தால் அந்த நீர் எங்கே போகும்? இந்த வாரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, காற்று திரும்புவதற்குள் வயலோர வடிகாலைத் திறந்துவிடுவதுதான் என்பேன். நேரடி விதைப்பில் முளைத்து நிற்கும் இளம் சம்பாப் பயிரும், அண்மையில் நட்ட நாற்றும் தேங்கிய நீரில் சில நாள்களிலேயே அழுகத் தொடங்கும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற இரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். மற்ற இரகங்களை நட்டிருப்பவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. கனமழை அறிவிப்பு உள்ள நாளில் யூரியா இடாதீர்கள். நீர் வடிந்த பிறகு இடுவதே பயிருக்குச் சேரும்.

குறுவை அறுவடை இன்னும் முடியாதவர்களின் நிலைதான் மிகவும் கவலை தருகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் வழக்கமாக ஏற்கிறார்கள். இரவு மழை தொடங்கிவிட்டால் களத்தில் கொட்டிய நெல்லை அந்த அளவுக்குக் காயவைக்கப் பகல் வெயில் போதாது. முற்றிய கதிராக இருந்தால், வார முற்பாதியில் கிடைக்கும் காலை வெயிலிலேயே அறுத்து, அன்றன்றைக்கே தூற்றி, மாலை இடிமழைக்கு முன்பாகத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். குவியலைத் தரைமட்டத்தில் வைக்காமல், மேடான இடத்தில் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டி வைத்தால், அடியில் நீர் ஏறி நெல் முளைப்பதையாவது தடுக்க முடியும்.