கூப்பிட ஒரு சொல்

ஜூன் 4

அப்பாவின் மறுமணம் முடிந்து ஐந்து மாதம். 68 வயது அவருக்கு. அம்மா போனபின் மூன்று வருடம் தனியாகக் கிடந்தவர். துணை வேண்டும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது முதலில் சரி என்றவள் நான்தான். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு வருகிற அவருடைய போன் நின்றுவிட்டது. நான் செய்தால் எடுக்கிறார், அன்பாகத்தான் பேசுகிறார், சீக்கிரம் வைத்துவிடுகிறார்.

அவர் மனைவியை என்னவென்று கூப்பிடுவது? 'அம்மா' வாயில் வராது. 'சித்தி'யும் வரவில்லை. "வாங்க, சொல்லுங்க" என்றே ஐந்து மாதத்தையும் ஓட்டிவிட்டேன்.

ஜூன் 8

அண்ணன் பேசினான். "அந்தம்மாவுக்கும் ஒரு மகன் இருக்கான், மறந்துடாத. அம்மா நகையெல்லாம் பீரோவில் இருக்கான்னு பார்த்தியா?" அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டினேன். அதட்டிவிட்டு ராத்திரி முழுக்க அந்த பீரோவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15

எழுதவே கை கூசுகிறது. அப்பா வெளியே போயிருந்தார், அவர் மனைவி குளித்துக்கொண்டிருந்தார். பீரோவைத் திறந்து அம்மாவின் வளையல்களை எண்ணினேன். ஆறு. சரியாக இருந்தது. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சங்கிலியைத் தேட ஆரம்பித்தேன். திரும்பினால் வாசற்படியில் ஈரத்தலையோடு அவர் நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கதவு கொஞ்சம் இறுகும், தூக்கிச் சாத்தும்மா" என்றார்.

ஜூன் 16

இன்று கிளம்பும்போது மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளின் தேதி போட்டிருந்தது. பீரோவில் இருந்தவை அத்தனையும் வரிசையாக, அவர் கையெழுத்தில்: வளையல் ஆறு, சங்கிலி இரண்டு, அம்மாவின் மூக்குக்கண்ணாடிகூட. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'நான் கொண்டுவந்தவை': தையல் மெஷின், மேஜை விசிறி, இரண்டு பெட்டி. ரசீதுகளும் பின் போட்டு இருந்தன.

"பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. எனக்கும் நல்லது" என்றார்.

வந்த முதல் நாளே இதை எழுத உட்கார்ந்திருக்கிறார். எங்களை அவரும் நம்பவில்லை. என்றாவது வெளியே போகச் சொன்னால் எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று 61 வயதில் கணக்கு வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். போட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது குழம்புகிறேன். என் கையெழுத்து அவருக்கு ஒரு காவலாக இருந்திருக்கும்.

ஜூன் 21

அப்பாவிடம் உயில் பற்றி நானே பேசினேன். அவர் மனைவிக்கு உயிர் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, அதற்குப் பின் வீடு எங்கள் இருவருக்கு. இப்படித்தான் எழுதப்போகிறாராம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அவளையே பார்த்துட்டு இருந்தீங்க" என்றார்.

அண்ணன், தாளில் எழுதிவைத்ததெல்லாம் ஒரு சாட்சியா என்கிறான். அவனோடு இன்று சண்டை.

ஜூன் 24

இரவு ஒன்பதரைக்கு நானே போன் செய்தேன். அப்பா எடுத்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்ல நினைத்து, "அவங்ககிட்ட குடுங்கப்பா" என்றேன்.

"யார்கிட்ட?" என்றார்.

எனக்குச் சட்டென்று சொல் வரவில்லை. அப்பாவும் போனை வைக்காமல் காத்திருந்தார்.