பங்குனி வெயிலும் சர்வர் அறையும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் டேட்டா சென்டர் கட்ட நினைத்து வருகிறவர்கள் முதல் கூட்டத்தில் கேட்பது கரண்டைப் பற்றியும் ஃபைபரைப் பற்றியும்தான். எந்த சப்ஸ்டேஷனிலிருந்து லைன் வரும், கேபிள் எத்தனை வழியில் உள்ளே வரும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சர்வர்களைக் குளிர்விக்கத் தேவையான தண்ணீரைப் பற்றிய பேச்சு மூன்றாவது, நான்காவது கூட்டத்தில்தான் வரும். “போர் போட்டுக்கலாங்க, பத்தலைன்னா லாரிக்குச் சொல்லிக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள், அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த இடத்தில் மனசு ஒப்பாது. கொங்கு நாட்டில் தண்ணீர்க் கணக்கு முடிந்த பிறகுதான் டிராயிங்கில் முதல் கோடே விழ வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது நூற்பாலை வழியாக. மில்லில் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று ஒன்று உண்டு. ஸ்பின்னிங் பகுதியில் காற்றின் ஈரப்பதம் 55, 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காக ஏர் வாஷர் அறையில் தண்ணீரைப் பொடித் துளிகளாகத் தெளித்து, காற்றை அதன் வழியாக இழுத்து, எலிமினேட்டரில் துளிகளை வடித்து, டக்ட்டில் மெஷின்களுக்கு மேலே விடுவார்கள். சூடேறிய காற்று தரைக்கு அடியிலுள்ள டிரெஞ்ச் வழியாகத் திரும்பும். அதிலுள்ள பஞ்சை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். வெளிக்காற்றை எவ்வளவு கலப்பது என்பது காற்றுவழிக் கதவான டேம்பர் கையில். பின்னாளில் சர்வர் அறை வேலைக்கு மாறியபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. அங்கேயும் ஓயாமல் சூடு விடும் இயந்திரங்கள், அந்தச் சூட்டைச் சுமந்து போகும் காற்று, ஃபில்டர், டேம்பர். ஈரத்தின் அளவுதான் வேறு.

பல்லடம் பக்கத்து மில் ஒன்றில் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மெயின்டெனன்ஸ் அண்ணன் ஒருவர் ஒருமுறை சொன்னார்: “ஏனுங் தம்பி, ஏர் வாஷர் நல்லா வேலை செய்யறது பங்குனி, சித்திரைலதானுங்க. ஆனா அப்பத்தான் தொட்டில தண்ணி இருக்காது.”

இந்த ஊரில் குளிர்விப்பு வேலையின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. ஏப்ரல் மாத மதியத்தில் வெயில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வெட் பல்ப் வெப்பநிலை, அதாவது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய கீழ் எல்லை, 24 டிகிரி அளவில் நிற்கும். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அது 29-ஐத் தொடும். தண்ணீரை ஆவியாக்கியே காற்றின் சூட்டைத் தணிப்பதில் சென்னையில் அதிகபட்சம் 6 டிகிரி கிடைக்கும் என்றால், இங்கே 14 டிகிரி கிடைக்கும். கேட்டலாக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஏசி கம்ப்ரசரே வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள்.

சரி, அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு யூனிட் மின்சாரம் சர்வரில் சூடாக மாறுகிறது. தண்ணீரை ஆவியாக்கி அந்தச் சூட்டை வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும். 1 மெகாவாட் சென்டரில் ஒரு நாளைக்கு 24,000 யூனிட், ஆக 36,000 லிட்டர். அதோடு முடிவதில்லை. ஆவியாகிப் போவது சுத்தமான தண்ணீர். அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்புக்கு, மூன்று மடங்கு அடர்த்தி ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டாக வேண்டும். அந்த புளோடவுன் தினமும் 18,000 லிட்டர். மொத்தம் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலரை லோடு. அதே ஏப்ரல் மாதத்தில் பக்கத்து ஊரில் குடிதண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும்.

வெளியே விடும் அந்த உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்காமல் விடுவதில்லை. நொய்யலை வைத்து நாம் பட்டது போதும். சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனம் செய்தவர்களின் காடு கெட்டது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு) இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஆர்ஓ, எவாப்பரேட்டர் என்று தண்ணீரை மறுபடி மறுபடி சுத்தம் செய்து பயன்படுத்தும் தொழில்நுட்பம் திருப்பூரில் வேரூன்றியது. தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவரிலிருந்து வருவது சாயத் தண்ணீர் அளவுக்கு மோசமானதில்லை. ஆனாலும் உப்பு உப்புதான். மண்ணில் விட்டால் மண்ணில் தங்கும். ஆகவே டவர் போடுவதாக இருந்தால் புளோடவுனுக்கு ஆர்ஓ போடும் செலவும் முதல் மதிப்பீட்டிலேயே வர வேண்டும். வராத கொட்டேஷனை நான் ஏற்பதில்லை.

இந்த வறட்சி இன்று நேற்று வந்ததும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற நிலம் இது. கோவைக்கு வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். நகரத்துக்குச் சிறுவாணியும் பில்லூரும் இருக்கின்றன. கிழக்கே சூலூர், அவிநாசி, பல்லடம் என்று போகப் போக போர் 1,000 அடியைத் தாண்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக மக்கள் 60 ஆண்டுக்கும் மேல் குரல் கொடுத்து, 2024 ஆகஸ்டில்தான் அது திறக்கப்பட்டது. பவானியின் உபரி நீரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிற திட்டம் அது. அப்படிக் காத்திருந்து கிடைத்த நிலத்தடி நீரை, சர்வரைக் குளிர்விக்கிறேன் என்று ஆவியாக்கி விடுவதற்கு எனக்குக் கை வராது.

ஆனால் இதே ஊர் வேறொன்றைத் தருகிறது: மேக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை வீசுகிற காற்று. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். ஆனி, ஆடியில் கோவையில் பகல் 31 டிகிரி, இரவு 22, 23 டிகிரி. காற்றாலை மின்சாரம் அதிகம் கிடைப்பதும், வெளிக்காற்று குளிர்ந்திருப்பதும் ஒரே மாதங்களில். டேட்டா சென்டருக்கு இதைவிட நல்ல காலம் எங்கே கிடைக்கும்!

அந்தக் காற்றை நேராக உள்ளே விட முடியாது. ஆடி இரவில் ஈரம் அதிகம். வெப்பநிலை குறைவாகத் தெரிந்தாலும் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20-ஐத் தொடும், சர்வர்களுக்கு ஆஷ்ரே என்கிற குளிரூட்டல் பொறியாளர் சங்கம் பரிந்துரைப்பதோ 15 வரைதான். தூசி வேறு. அதனால் நடுவே ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, வெளிக்காற்று ஒரு பக்கமும் உள்காற்று மறுபக்கமும் கலக்காமல் ஓடும்படி செய்கிறோம். சர்வருக்குப் பின்னாலிருந்து வரும் காற்று 38 டிகிரி, வெளியே 23, எக்ஸ்சேஞ்சரின் திறன் 75 சதவீதம் என்றால், உள்ளே திரும்புவது 27-க்குக் கொஞ்சம் கீழே. கம்ப்ரசரும் ஓடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவில்லை. மாசி முதல் சித்திரை வரை மதிய நேரத்தில் மட்டும் அதே எக்ஸ்சேஞ்சரின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்தால் 38 டிகிரிக் காற்று 26-க்கு இறங்கும், உள்காற்று 29-க்கு வரும். மீதி இரண்டு டிகிரிக்குத்தான் கம்ப்ரசர். இடைப்பட்ட நேரங்களில் கம்ப்ரசர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அதற்கு ஆகும் கரண்டை நான் மனமறிந்தே ஏற்கிறேன். கரண்டை வேறு மாவட்டத்திலிருந்து கம்பியில் கொண்டுவரலாம்.

மதியத்துக்கு மட்டும் தண்ணீர் என்றால் கணக்கு அடியோடு மாறுகிறது. முழு லோடுக்கும் சேர்த்து மணிக்கு 2,000 லிட்டர், நாளுக்கு 5 மணி நேரம், 70 நாள் என்று தாராளமாகப் போட்டாலும் 7 லட்சம் லிட்டர். 2,000 சதுர மீட்டர் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 12 லட்சம் லிட்டர். கால்வாசி வீணானாலும் 9 லட்சம் மிஞ்சும். டவரை 24 மணி நேரமும் ஓட்டினால் மிஞ்சிய இந்தக் கூரை மழை ஒரு மாதத்துக்குள் தீரும். மதியத்துக்கு மட்டும் என்றால் ஒரு கோடையைக் கடத்திவிடும். மழைத் தண்ணீரில் உப்பு இல்லாததால் புளோடவுனும் சொற்பம். ஐப்பசியில் நிரம்பியது பங்குனி வரை நிற்க வேண்டும் என்பதால் மூடிய தொட்டி வேண்டும். 700 கன மீட்டர் தொட்டி என்றதும் பார்க்கிங் போய்விடுமே என்பார்கள். பார்க்கிங்குக்கு அடியிலேயே கட்டலாம்.

அதே கூரையில் சோலார் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், நிழலும் கிடைக்கும். 200 கிலோவாட் அளவுக்கு இடம் இருந்தால் ஒரு நாளைக்கு 800 யூனிட் வரும். தேவை 24,000. இதை வைத்துப் பசுமை டேட்டா சென்டர் என்று போர்டு வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

எல்லாவற்றையும் விட மலிவான வேலை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் எதிர்ப்பும் அதிகம். உள்ளே நுழைந்தால் குளிரில் நடுங்க வேண்டும் என்று உரிமையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். 18 டிகிரிக்கு வைக்கச் சொல்வார்கள். சர்வருக்குள் நுழையும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரேயின் பரிந்துரை. அதன் வகைப்பாட்டில் ஏ2 எனப்படும் சர்வர்களுக்கு அனுமதிக்கும் எல்லையே 35 டிகிரி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தரும் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சில்லர் தின்னும் மின்சாரம் 2, 3 சதவீதம் குறையும். இதைச் சொன்னால் “ஏனுங்க, சூடா இருந்தா மெஷின் போயிடாதுங்களா?” என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், பல லட்ச ரூபாய் பொருள். அதனால் நான் வாதாடுவதை விட்டுவிட்டு, சர்வர்களை அடுக்கும் ரேக்குகளின் முன்பக்கம் மேலும் கீழும் சென்சார் வைத்துக் காட்டுவேன். 18 டிகிரி அறையிலும் சில ரேக்கின் உச்சியில் 29, 30 காட்டும். சூடான காற்று இடைவெளி வழியாக முன்னால் சுற்றி வந்துவிடுவதுதான் காரணம். ரேக்கின் காலி இடங்களுக்கு பிளாங்கிங் பேனல் என்கிற மூடுதகடு அடித்து, சர்வர்களின் சூடான காற்று வெளிவரும் ஹாட் ஐலைக் கதவு போட்டு அடைத்து, தரையில் கேபிள் போகும் ஓட்டைகளை மூடிய பிறகு, 24-க்கு உயர்த்தினாலும் உச்சி ரேக்கில் 26 நிற்கும். அந்த எண்ணைப் பார்த்தபின் 25-க்குப் போகலாமா என்று அவர்களே கேட்பார்கள். டேம்பர் ஓரத்தில் ஓட்டை இருந்தால் அடைக்காமல் சாப்பிடப் போகாத மில் ஃபிட்டர்கள் இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவிடுகிறார்கள்.

இடம் பார்க்கப் போனால் நான் முதலில் அக்கம்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மில்லை ஒட்டிய இடமென்றால் பஞ்சு. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளின் தென்னை நார்த் தூள். இரண்டும் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் காயிலின் மேல் கம்பளி போலப் படிந்து காற்றை மறிக்கும். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையின் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். செம்பு, வெள்ளித் துண்டுகளைச் சில வாரம் அந்த இடத்தில் தொங்கவிட்டு அரிப்பை அளக்கலாம். மாதத்துக்கு அரிப்புப் படலம் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் பயமில்லை. நிலம் வாங்கும் செலவோடு பார்த்தால் இந்தச் சோதனைக்கு ஆவது ஒன்றுமே இல்லை. அப்புறம் ஜெனரேட்டரை எந்தப் பக்கம் வைப்பது என்பது. மேக்காத்து வீசும் ஊரில் கட்டடத்துக்கு மேற்கே வைத்தால் நாலு மாதம் புகை முழுவதும் நேராகக் காற்றெடுக்கும் வாயிலுக்குத்தான் வரும். சூட்டை வெளியேற்றும் ஃபேன்களையும் மேற்கு பார்க்க வைக்கக் கூடாது. ஆடிக்காற்றை எதிர்த்துத் தள்ள அவற்றுக்குச் சக்தி போதாது. கடற்கரை நகரத்துக்கு வரைந்த டிராயிங்கை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கிய ஒரு கட்டடத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

2008-க்குப் பிறகு சில வருடங்கள் இங்கே தொழில் நடத்தியவர்களுக்கு மின்வெட்டு மறக்காது. அதனால் டீசல் டேங்க் பெரிதாக வை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அக்கறை தண்ணீர்த் தொட்டிக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது ஏஐ ரேக் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் இதுவரை செய்தது ரேக்குக்கு 5, 8 கிலோவாட். புதியவை ஒரே ரேக்கில் 100 கிலோவாட்டைத் தாண்டுகின்றன, காற்றால் முடியாது. சிப்பின் மேலேயே தண்ணீர்க் குழாய் போக வேண்டும். தண்ணீரா என்று பதற வேண்டாம், அது மூடிய சுற்று, ஒருமுறை நிரப்பினால் போதும். அதைவிட முக்கியமாக, அந்த ரேக்குகளில் சில 45 டிகிரி நீரையே ஏற்கின்றன. 45 டிகிரி நீரைத் தயாரிக்க 38 டிகிரி மதியத்தில்கூட தண்ணீரை ஆவியாக்காமல் வெளிக்காற்றாலேயே குளிர்விக்கும் வெறும் டிரை கூலரும் ஃபேனும் போதும். 2024 ஏப்ரலில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது போன்ற நாட்களுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

அந்தக் கொஞ்சத்துக்கும் குடிதண்ணீர் வேண்டியதில்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவு நீரை ஆர்ஓ வரை சுத்திகரித்து, தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் இருக்கின்றன. கோவையில் உக்கடத்தில் 7 கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தொழிற்பேட்டைகளுக்கு ஒரு குழாய் வந்தால் போர் போடும் பேச்சே எழாது. அதுவரை நான் தரும் ஒவ்வொரு டிராயிங்கிலும் தண்ணீருக்குத் தனி மீட்டரும், மழைத் தொட்டியும், பிற்காலத்தில் அந்தக் குழாயை இணைக்க வால்வோடு ஒரு லைனும் இருக்கும்.