மூன்றாவது கையெழுத்து

ரிச்சர்ட்சன் ராஜினாமா செய்தார், ரக்கல்ஸ்ஹவுஸ் மறுத்தார், ராபர்ட் போர்க் கையெழுத்துப் போட்டார். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு அமெரிக்க நீதித் துறையில் நடந்ததை இப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். முதல் இரண்டு பேருக்கு மாலை, மூன்றாமவருக்கு வசை. ஆனால் அதிபர் நிக்ஸனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் ஊழல் பற்றி எதைப் படித்தாலும் என் மனம் அந்த இரவைத் தாண்டி, அன்று பகலில் இந்த மூவரும் ரிச்சர்ட்சனின் அறையில் பேசிக்கொண்டதில்தான் போய் நிற்கிறது.

அந்த ஊழலை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்க வேண்டும் என்பது நிக்ஸனின் விருப்பம். என்னால் ஆகாது என்கிறார் நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன். என்னாலும் ஆகாது என்கிறார் அவருடைய துணைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ். மிச்சம் இருப்பவர் துறையில் மூன்றாம் இடத்திலிருந்த சாலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர், இந்தப் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காக்ஸை நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் வாதம். ஆகவே நீக்கிவிடுகிறேன், கையோடு நானும் விலகிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாற்காலிக்காகச் செய்தான் என்று ஊர் பேசும் என்கிறார். ரிச்சர்ட்சன் சொன்ன பதில்: விலகாதீர்கள், துறையை நடத்த ஆள் வேண்டும்.

அந்தப் பதில்தான் எனக்குச் செரிக்கவில்லை.

ரிச்சர்ட்சனின் நியாயம் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம், பதவி உறுதியாவதற்கு முன் செனட் குழுவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: அசாதாரணமான முறைகேடு எதையாவது செய்தாலொழியச் சிறப்பு வழக்கறிஞரை நீக்கமாட்டேன். காக்ஸ் அப்படி எதுவும் செய்யவில்லை. நிக்ஸன் தன் பேச்சுகளைப் பதிவு செய்துவைத்திருந்த ஒலிநாடாக்களில் ஒன்பதைக் கொடுக்கும்படி கேட்டார், நீதிபதி சிரிக்கா கொடுக்கச் சொன்னார், மேல்முறையீட்டு நீதிமன்றமும் அக்டோபர் 12 அன்று ஆமோதித்தது. நிக்ஸன் தரப்பு வேறொரு வழி கண்டுபிடித்தது. நாடாக்களுக்குப் பதில் எழுத்துச் சுருக்கம் தருவோம், அது சரிதானா என்று செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் கேட்டுச் சரிபார்ப்பார் என்றது. ஸ்டென்னிஸுக்கு வயது 72. அந்த ஜனவரியில் வழிப்பறிக்காரர்கள் சுட்டதில் பட்ட காயத்திலிருந்து தேறிவந்துகொண்டிருந்தவர். போதாததற்குக் காது மந்தம். நாடாவைக் கேட்டுச் சரிபார்க்கத் தேர்ந்தெடுத்த ஆள்! குற்ற வழக்கில் மூலச் சாட்சியம் இருக்கும்போது சுருக்கத்தைக் காட்டி எவரையும் தண்டிக்க முடியாது என்பது காக்ஸுக்குத் தெரியும். இனிமேல் நாடா எதையும் கோரக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தபோது மறுத்துவிட்டார்.

இங்கே ரிச்சர்ட்சனும் முழுச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டென்னிஸ் ஏற்பாட்டுக்கு அந்த வாரத்தில் அவரும் இசைந்திருந்தார், காக்ஸை அதற்கு இணங்கவைக்கவும் பார்த்தார். வியாழக்கிழமை இரவு வீட்டில் உட்கார்ந்து, தான் ஏன் விலக வேண்டும் என்று காரணங்களை எழுதிப் பார்த்தார். பட்டியல் போட்டுப் பார்க்கிற மனிதரை எனக்குப் பிடிக்கும். ஆனால் பட்டியல் போடுகிறவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும் அதற்கு அர்த்தம் உண்டு.

சனிக்கிழமை மாலை அவர் வெள்ளை மாளிகைக்குப் போனபோது நிக்ஸன் போரைக் காட்டினார். இஸ்ரேல் போர் நடக்கிறது, வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் மாஸ்கோவில் இருக்கிறார், இந்த நேரத்தில் அட்டர்னி ஜெனரல் விலகினால் சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் என்ன நினைப்பார், சில நாள் பொறுக்கக் கூடாதா? சொந்த வாக்கைப் பொது நலனுக்கு மேலே வைக்கிறீர்கள் என்றும் குத்தினார். பொது நலன் எது என்பதில் நமக்குள் பார்வை வேறுபடுகிறது என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு ரிச்சர்ட்சன் வந்துவிட்டார். நார்மண்டிக் கரையில் இறங்கியவருக்கு இது பெரிய துணிச்சலா என்று கேட்கலாம். துப்பாக்கிக்கு முன் நிற்பது ஒன்று, தன்னை மூன்று அமைச்சரவைப் பதவிகளில் அமர்த்திய முதலாளிக்கு முன் உட்கார்ந்து முடியாது என்பது வேறொன்று.

சரி, போர்க்குக்கு வருவோம். நெடுநாள் நான் அவர் பக்கம் வாதாடியதுண்டு. வாக்குக் கொடுத்தது ரிச்சர்ட்சன், போர்க் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. துறையின் பொறுப்பு வரிசை அவரோடு முடிந்துவிடுகிறது, அவருக்குக் கீழே பெயர் இல்லை. அவரும் போயிருந்தால் நிக்ஸன் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார், துறையில் பாதிப் பேர் மூட்டை கட்டியிருப்பார்கள். போர்க் இருந்ததால் காக்ஸின் ஆட்கள் இருந்தார்கள், ஆவணங்கள் இருந்தன. நவம்பர் 1 அன்று லியோன் ஜவோர்ஸ்கி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அது கண்ணில் பட எனக்கு நாளாயிற்று. ரிச்சர்ட்சனின் வாக்கு வெறும் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை, துறை விதியாகவே வெளியாகியிருந்தது. வாய்ச்சொல் ஆளைக் கட்டும், விதி நாற்காலியைக் கட்டும். பொறுப்பு ஏற்ற நொடியில் அது போர்க்கையும் கட்டியது. விதியை முதலில் ரத்து செய்து, பிறகு ஆளை நீக்கியிருக்க வேண்டும். அவர் சனிக்கிழமை ஆளை நீக்கினார், ரத்து உத்தரவைச் செவ்வாய்க்கிழமைதான் போட்டார். அலுவலகத்தில் கோப்பு தள்ளிய எவருக்கும் இந்த வரிசைக் குழப்பம் பார்த்த மாத்திரத்தில் உறைக்கும். நவம்பரில் நீதிபதி கெசெல், நீக்கம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். ஜவோர்ஸ்கியை அமர்த்தும்போது விதியை மறுபடி எழுதி, நாடாளுமன்றத் தலைவர்களின் இசைவு இல்லாமல் நீக்க முடியாது என்று இறுக்கினார்கள். 1974 ஜூலை 24 அன்று நாடாக்களைக் கொடுக்கத்தான் வேண்டும் என உச்ச நீதிமன்றம் நிக்ஸனுக்கு எதிராக 8–0 என்று தீர்ப்பளித்தபோது, அந்த விதி உயிரோடு இருப்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. போர்க் இருந்ததால் வந்த நன்மையா இது? மக்கள் தந்தி மேல் தந்தி அடித்துக் கொதித்ததால் வந்தது என்பதே என் கணிப்பு. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் செய்ததை வெள்ளையடிப்பது எளிது.

அப்படியானால் ரிச்சர்ட்சன்? அன்றிரவு அவர் காக்ஸுடன் பேசும்போது ஹோமரின் இலியட் காவியத்தின் வரிகளைச் சொன்னார். காக்ஸ் அவருக்கு ஹார்வர்டில் ஆசிரியராக இருந்தவர். பன்னிரண்டாம் காண்டத்தில், சாவு எப்படியும் வரும், ஆகவே முன்னே போவோம் என்று சார்பிடோன் தன் தோழன் கிளாகஸிடம் சொல்லும் இடம். அதே பேச்சு தொடங்கும் இடம்தான் எனக்கு முக்கியம். நமக்கு மட்டும் ஏன் முதல் ஆசனம், நல்ல கறித்துண்டு, நிறைந்த கிண்ணம் என்று கேட்டுவிட்டு, அதனால்தான் முன்வரிசையில் நாம் நிற்க வேண்டும் என்கிறான். பின்னால் நிற்பவனை முன்னே தள்ளுவது பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஷேக்ஸ்பியரில் இன்னொரு காட்சி உண்டு. ஆண்டனி–கிளியோபாட்ரா நாடகத்தில், பாம்பியின் கப்பலில் விருந்து. ரோமை ஆளும் மூவரும் குடித்துக் கிடக்கிறார்கள். கயிற்றை அறுத்துவிட்டு மூன்று கழுத்தையும் அறுக்கட்டுமா, உலகமே உங்களுடையது என்று பாம்பியின் ஆள் மேனாஸ் அவன் காதைக் கடிக்கிறான். கேட்காமலே செய்திருக்க வேண்டும், செய்தபின் மெச்சியிருப்பேன், இப்போது என் மானம் தடுக்கிறது என்கிறான் பாம்பி. ரிச்சர்ட்சனைப் பாம்பியோடு சேர்ப்பது அநியாயம். காக்ஸ் போவதை அவர் விரும்பவில்லை, அதைத் தடுக்க வேலையையே விட்டார். ஆனாலும், என் கை வேண்டாம், உன் கை இருக்கட்டும் என்ற வாடை இரண்டிலும் ஒன்றுதான். நிக்ஸன்கூட இந்த விஷயத்தில் பாம்பியைவிடத் தேவலை. போர்க்குக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்தார்.

ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அடுத்து காலியாகும் இடம் உனக்கு என்று அன்று நிக்ஸன் சொன்னதாகப் போர்க்கே எழுதினார். அவர் இறந்தபின் 2013இல் அது புத்தகமாக வந்தது. நிக்ஸனால் கொடுக்க முடியவில்லை. 1987இல் அதிபர் ரீகன் கொடுக்கப் பார்த்தார், செனட் 58–42 என்று தள்ளியது. கருக்கலைப்பு, குடிமை உரிமைகள் பற்றிய அவர் கருத்துகள்தான் பெரிய காரணம். அந்த சனிக்கிழமையும் கணக்கில் சேர்ந்தது. ரிச்சர்ட்சன் 1984இல் மாசசூசெட்ஸில் செனட்டுக்கு நின்று, சொந்தக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார்.

காக்ஸுக்குப் போன கடிதம் மிகச் சிறியது. எந்தச் சட்டப் பிரிவின்படி தான் பொறுப்பேற்றார் என்று தொடங்குகிறது. அடுத்து, அதிபரின் அறிவுறுத்தலின்படி உங்களை உடனடியாக நீக்குகிறேன். கீழே போர்க்கின் பெயர், பொறுப்பு அட்டர்னி ஜெனரல். அதை வாசிக்கும்போதெல்லாம், "இருங்கள்" என்று சொன்னவரின் பெயரை எங்கே எழுதியிருக்க வேண்டும் என்று தேடுகிறேன்.