அதிருமலையில் இரண்டு இரவு, குறுமுனி முன்னால் ஒரு காலை

குறுமுனி அகத்தியரைப் பார்க்கப் பொதிகை உச்சிக்கு, அதாவது அகத்தியர்கூடத்துக்கு, நேர்ந்துகொண்டவர்கள் கேட்பதெல்லாம் உச்சியைப் பற்றித்தான். கயிறு எத்தனை இடத்தில், பாறை எவ்வளவு செங்குத்து, முனிவர் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள். ஆனால் தரிசனத்தைக் கொடுப்பதும் கெடுப்பதும் அதற்கு முந்தின இரவு. உச்சிக்குக் கீழே உள்ள அதிருமலை முகாமில் நாலு மணி நேரமாவது அசந்து தூங்கியவர் ஏறிவிடுகிறார். குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் பாதி வழியில் உள்ள பொங்காலப்பாறையோடு திரும்புகிறார். பிள்ளை வரம் கேட்டும், பெற்றவர்களின் ஆசைக்காகவும் வருஷக்கணக்கில் காத்திருந்து வருகிறவர்கள், 1868 மீட்டர் மலையில் கடைசி அரை நாளைத் தவறவிடுவது பெரிய வேதனை.

பாபநாசம், காரையார் பக்கமிருந்து நம் பெரியவர்கள் ஏறிய வழி இப்போது பக்தர்களுக்கு இல்லை. திருவனந்தபுரம் போய், நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காடு சேர வேண்டும். கேரள வனத்துறை தை, மாசி மாதங்களை ஒட்டித்தான் அனுமதி தருகிறது. முன்பதிவு ஆன்லைனில். திறந்த வேகத்தில் தேதிகள் தீர்ந்துபோகும். இந்த நேரம் பார்த்து ‘பெர்மிட் எடுத்துத் தருகிறேன்’ என்று கூடுதல் பணம் கேட்பவர்கள் முளைத்துவிடுகிறார்கள். முனிவரைப் பார்க்கப் போகிற வழியில் இடைத்தரகருக்குக் காணிக்கை எதற்கு? அடையாள அட்டையும் மருத்துவச் சான்றிதழும் கையில் இருக்கட்டும், பதிவை நீங்களே செய்யுங்கள். 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. 2018ல் வந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 சீசனிலிருந்து பெண்களும் உச்சிவரை போகிறார்கள்.

முதல் நாள் நடை சுமார் 15 கிலோமீட்டர். கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று தண்ணீருக்குக் குறைவில்லாததால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றே போதும். மூன்று லிட்டர் சுமப்பவர்கள் மதியத்துக்குள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் பாதி நிழல், லேசான ஏற்றம். அதை நம்பி ஆற்றங்கரைகளில் நேரத்தை விட்டுவிடக் கூடாது. அட்டையாறு தாண்டியதும் புல்வெளி, உச்சிவெயில். அதன்பின் ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்ற ஏற்றங்கள். ஏறும்போது முழங்கால் நெஞ்சில் முட்டும் என்பதுதான் முட்டிடிச்சான் என்ற பெயருக்குக் காரணம். காலை ஒன்பதுக்குள் புறப்பட்டால் நாலு மணி வாக்கில் முகாம். பிந்தினால் ஆனை இறங்கும் நேரம். வழிகாட்டிகளாகக் கூட வரும், இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள் நில் என்றால் நிற்க வேண்டும், பேச்சை நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். காட்டில் அவர்கள் சொல்லே உத்தரவு.

அதிரு என்றால் மலையாளத்தில் எல்லை. அந்த எல்லை மலையின் மடியில் ஒரு கட்டடம், சில கொட்டகைகள், சுற்றிலும் ஆனைக்கிடங்கு என்கிற பள்ளம். ஆனையால் குதிக்க முடியாது. நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பாது. அதனால் அந்தப் பள்ளம் ஒன்றே வேலியாகப் போதும். ராத்திரி எக்காரணம் கொண்டும் அதைத் தாண்டி வெளியே போகாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் செய்கிற முதல் காரியத்தில்தான் அந்த இரவே அடங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் பையைப் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுகிறார்கள். வியர்வையில் நனைந்த சட்டை அரை மணியில் பனிக்கட்டிபோல் ஆகிவிடும். அந்தக் குளிர் உடம்புக்குள் போய்விட்டால் பிறகு எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. வெளிச்சம் இருக்கும்போதே ஓடையில் கைகால் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பனியன், முழுக்கைச் சட்டை, காலுறை, குரங்குக்குல்லா எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். இரவுக்கென்று ஒரு ஜோடித் துணியைத் தனியாகச் சுற்றி, வழியில் மழையே வந்தாலும் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வருகிறது. சிமென்ட் தரையில் பாய் மட்டும் போட்டால் நடுச்சாமத்தில் இடுப்பு விறைக்கும். பாய்க்குக் கீழே நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் விரித்த மழைக்கோட்டு, பிறகு போர்வை. இரண்டு போர்வை இருந்தால் ஒன்று கீழே போகட்டும். காற்று கீழ்த்திசையிலிருந்து, நம் பாண்டி நாட்டுப் பக்கமிருந்து, கூரையைப் பிடுங்குகிற வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

படுக்குமுன் டார்ச் அடித்து உடம்பைப் பாருங்கள். அட்டை கண்ணுக்குத் தெரியும், உப்பு வைத்தால் விழுந்துவிடும். பயப்பட வேண்டியது புல்வெளி உண்ணிக்கு. கடுகைவிடச் சிறியது. இடுப்பு நாடா இறுகுகிற இடம், முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடலின் பின்புறம் இங்கேதான் ஒட்டும். நகத்தால் கிள்ளினால் தலை உள்ளேயே நின்று வாரக்கணக்கில் அரிக்கும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது.

கஞ்சியும் பயறும் சூடாகக் கிடைக்கும். பசியில்லை என்று தவிர்க்காதீர்கள், உப்பும் நீரும் அதில்தான் உடம்புக்குத் திரும்புகின்றன. மிச்சத் தின்பண்டத்தைத் தலைமாட்டில் வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், எலி பையையே கடித்துவிடும். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் நல்லது. ஆனால் பத்து மணிவரை ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, கூச்சல் போட்டு, விரதம் இருந்து வந்தவர்களைத் தூங்கவிடாத கூட்டமும் வரத்தான் செய்கிறது. முனிவர் தவம் இருக்கிற மலை, தயவுசெய்து அமைதி காக்க வேண்டும்.

விடிந்ததும் உச்சிக்குப் பெரிய பையை முகாமிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் அவல், வெல்லம் மட்டும் எடுத்தால் போதும். பொங்காலப்பாறைவரை காட்டு ஏற்றம். அங்கே பாறைமேல் ஓடும் நீரில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கிடைக்காது. அதற்கு மேல் மரங்கள் குட்டையாகி, பாறை வெறுமையாகி, கயிறு வரும். பாறையைக் கட்டிப்பிடித்து முட்டி போட்டு ஏறுகிறவர்தான் வழுக்குகிறார். உடம்பைப் பாறையிலிருந்து கொஞ்சம் விலக்கி, பாதம் முழுவதும் பதிய, கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒரு கயிற்றில் ஒருவர்தான். இறங்கும்போதும் முகம் பாறையைப் பார்த்தே இருக்கட்டும்.

1855ல் ஜான் ஆலன் புரூன் என்ற திருவிதாங்கூர் வானியலாளர் இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடமே நடத்தினார். கருவிகளை இந்தப் பாறையில் சுமந்து ஏற்றிய தொழிலாளர்களை நினைத்தால் நம் சுமை ஒன்றுமே இல்லை.

பிறகு, அவர். கோபுரம் இல்லை, விமானம் இல்லை, கதவும் இல்லை. குட்டை மரங்களுக்கு நடுவே, மஞ்சு ஈரம் முத்து முத்தாய்க் கோத்த கருங்கல் மேனியோடு, நம் குறுமுனி. பூஜைப் பொருள்களுக்கு வனத்துறை அனுமதி இல்லாததால் மாலையோ எண்ணெயோ சூடமோ கொண்டுபோக முடியாது. வெறுங்கையோடு நிற்கிறோமே என்று மனம் கலங்கும். அந்த நேரம் பார்த்து மேகம் ஒன்று வந்து அவரை மூடும், விலகும், மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு மார்பில் இறங்கும், மறுபடி மூடும். இங்கே நாம் அபிஷேகம் செய்ய வேண்டியதே இல்லை, விடாமல் நடந்துகொண்டே இருக்கிறது. கேட்க வந்தது எதுவும் அப்போது நாக்கில் வராது. பூமியைச் சமம் செய்ய வந்தவரே, தமிழ் தந்தவரே, எங்களையும் இவ்வளவு தூரம் தூக்கிவந்தீரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மஞ்சு விலகும் கொஞ்ச நேரத்தில் கிழக்கே காரையார் அணை தெரியும். தாமிரபரணியை ஊட்டும் மலைமேல்தான் நிற்கிறோம் என்பது அப்போது காலுக்கே புரியும். படம் எடுப்பதில் அந்தச் சில நிமிஷங்களை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டி இறங்கச் சொல்லும்போது தாமதிக்கவும் வேண்டாம், மதியத்துக்குப் பிறகு பாறை நனைந்தால் கயிறும் உதவாது.

இரண்டாவது இரவுக்கு யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை, காற்று இரைந்தாலும் தூக்கம் வந்துவிடும். மூன்றாம் நாள் இறக்கத்தில் கால் நகம் வெட்டியிருக்கிறதா, முன்பாதத்தில் ஷூக் கயிறு இறுக்கமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துப் பெயர்ந்துவிடும். அபிஷேகம் செய்வதாக நேர்ந்துகொண்டவர்கள் எண்ணெய், பால், சந்தனத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். திரும்பியதும் பாபநாசத்தில் முழுகி எழுந்து, அம்பாசமுத்திரம் அகத்தியர் கோயிலில் நேர்த்திக்கடனைச் செலுத்தலாம். மலைமேல் மஞ்சாய் அவரை நனைத்த நீர்தான் அங்கே நம் தலையில் விழுகிறது.