பத்தொன்பது ஜோடி

டிசம்பர் 7, ஞாயிறு

மும்பை செம்பூர் சந்தையில் இன்று நண்டு மலிவு. ஒரே கூடையில் முதுகில் மூன்று பொட்டு வைத்தது, சிலுவை போட்டது, கயிற்றால் கட்டிய சேற்று நண்டு என்று கலந்து கிடந்தன. மீன்கார மாவ்ஷிக்கு எல்லாமே சிம்போரிதான். தூத்துக்குடிக்காரி நான் மட்டும் என்ன, நாற்பது வருஷமாக நண்டு என்ற ஒரே சொல்லில்தானே தின்றிருக்கிறேன். இத்தனைக்கும் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள், இப்போது கணக்கு எழுதுகிறேன்.

கழுவும்போது மகள் பக்கத்தில் நின்று காலை எண்ணினாள். கொடுக்கையும் சேர்த்துப் பத்து. கடைசி ஜோடி ஏம்மா தட்டையா இருக்கு என்றாள். துடுப்பு, நீந்துவதற்கு. அப்புறம் வயிற்றைத் திருப்பி அந்த மடிப்பைக் காட்டினேன், அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். இறாலில் நாம் ருசித்துத் தின்னும் வால் இருக்கிறதே, அதுதான் நண்டில் இப்படி வற்றி, மடங்கி, வயிற்றோடு ஒட்டிப் போயிருக்கிறது. பெண் நண்டில் அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டிக் கால்கள், முட்டை ஒட்டிக்கொள்வது அதில்தான். இந்தக் கால்களை மகளும் எண்ணவில்லை, நானும் இத்தனை வருஷம் எண்ணியதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வாங்கியதில் ஒன்று பஞ்சு. ஓட்டைத் திறந்தால் தண்ணீர்தான். சமீபத்தில் தோலுரித்த நண்டு போல. ஓட்டுக்குள் அடைந்து வளர முடியாது என்பதால் பின்பக்கம் பிளந்துகொண்டு பின்னோக்கியே வெளியே வரும், வந்ததும் தண்ணீரைக் குடித்து உடம்பை உப்பவைத்துக்கொள்ளும், புது ஓடு இறுகியபின் உள்ளே சதை பிடிக்க நாளாகும். கழற்றிய சட்டையில் கண்ணின் மேல்தோல், செவுளின் தோல், இரைப்பையின் உள்தோலும் அதிலிருக்கும் பற்களும் கூட இருக்கும். ஆமாம், நண்டு வயிற்றுக்குள் வைத்துத்தான் மெல்லுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். “ஏட்டி, பௌர்ணமிய ஒட்டி எவளாவது நண்டு வாங்குவாளா?” என்றாள். அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதுதான் என் தப்பு. நிலாவைப் பற்றி அம்மாவோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

டிசம்பர் 13, சனி

பெரிய இறால் ஒன்றைச் செய்தித்தாளில் கிடத்தி ஊக்கும் பல்குச்சியுமாக உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி பிராக்டிகலில் இதே வேலை, கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கறுப்பு அட்டையில் வரிசையாக வைக்க வேண்டும், பரீட்சையன்று என் அட்டையில் பதினெட்டு ஜோடிதான் இருந்தது, ஒன்றை எங்கேயோ தொலைத்துவிட்டேன். இன்று வாலிலிருந்து தொடங்கினேன். விசிறி ஒரு ஜோடி, நீந்துவது ஐந்து, நடப்பது ஐந்து, சாப்பாட்டை வாய்க்குத் தள்ளுவது மூன்று. அதற்குமேல் வாய்ப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும், அவசரப்பட்டால் கிழியும். மெல்லிய தகடு போல இரண்டு ஜோடி, மெல்லும் தாடை ஒன்று, கடைசியில் மீசை இரண்டு. பத்தொன்பது! தகடுகளில் ஒன்றின் ஓரத்தில் துடுப்பு மாதிரி ஒரு மடல் இருக்கிறது, செவுளுக்குத் தண்ணீர் ஓடுவது அது ஓயாமல் அடிப்பதால்தான். நடக்க, நீந்த, மெல்ல, மூச்சுவிட, மோப்பம் பிடிக்க, எல்லாம் ஒரே மாதிரிக் கால்கள் வேலைக்கு ஏற்றபடி மாறியதுதான்.

சின்ன மீசையின் அடியில் ஒரு குழி, அதில் மணல். எது மேல், எது கீழ் என்று இறாலுக்குத் தெரிவது அந்த மணல் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதை வைத்து. தோலுரிக்கும்போது மணலும் போய்விடும், புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 1893-ல் கிரைடில் என்ற ஆஸ்திரியர் மணலுக்குப் பதில் இரும்புத்தூள் கிடைக்கும்படி செய்து, மேலே காந்தத்தைக் காட்டினாராம், இறால் மல்லாந்துவிட்டது. பாவம்தான், ஆனால் சிரிப்பு வந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து சிஎஸ்எம்டி நிலையம், அங்கிருந்து சசூன் டாக். 1875-ல் கட்டிய துறை, நாற்றத்துக்கும் அதே வயசு இருக்கும். இறால் உரிக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் கை வேகத்துக்கு என் பல்குச்சி எம்மாத்திரம். ஒதுக்கிய குவியலில் மாண்டிஸ் இறால் ஒன்று கிடந்தது. முன்னால் மடக்கிய அரிவாள், உள்பக்கம் முட்கள், எண்ணினேன், ஆறு. நண்டில் வாய்க்குச் சாப்பாடு தள்ளும் மூன்று ஜோடியில் நடுவில் இருக்கும் அதே கால்தான் இதில் ஆயுதம். மீனைக் குத்திப் பிடிக்கும். இதன் உறவுகளில் சில குத்துவதற்குப் பதில் சுத்தியல் போல அடித்தே சிப்பியை உடைக்கும்.

டிசம்பர் 21, ஞாயிறு

அமாவாசை கழிந்த ஞாயிறு, காலையில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறை முழுக்க வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டியிருப்பவற்றைச் சிப்பி என்று எல்லோரும் நினைப்பார்கள், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே அப்படித்தான் வகைப்படுத்தினார். பார்னக்கிள், நண்டுக்குச் சொந்தம். 1830-ல் தாம்சன் என்பவர் அதன் குஞ்சு நீந்தித் திரிந்து பிறகு ஒட்டிக்கொள்வதைக் கவனித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. டார்வின் இதோடு எட்டு வருஷம், 1846 முதல் 1854 வரை, மல்லுக்கட்டினார்.

காய்ந்த பாறையில் எல்லாம் மூடியே இருந்தன. குழித் தண்ணீரில் குந்தி, நிழல் விழாமல் காத்திருந்தேன். மூடி விலகியது, இறகு மாதிரி ஒரு கொத்து வெளியே விரிந்து, வாரி, உள்ளே போனது. மறுபடி. அந்த இறகும் கால்கள்தான். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் சாப்பாட்டை வாருகிறது. முழங்கால் மரத்துப் போகும்வரை பார்த்தேன். மகள் என் கையில் நண்டூருது நரியூருது விளையாடி எழுப்பினாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஊரிலிருந்து வந்த பக்கத்துவீட்டு அக்காவிடம் அம்மா சென்னாகுனி, அதாவது காய்ந்த பொடி இறால், கொடுத்துவிட்டிருந்தாள். இங்கே ஜவ்லா என்பார்கள். காலையில் ஊறவைத்து மகள் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நடக்கும் கால் மூன்று ஜோடிதான். இன்னொன்றிலும் மூன்றுதான். இறால் கூட்டம்தான், நண்டும் இறாலும் சேர்ந்த பத்துக்காலி வரிசைதான், ஆனால் இந்தப் பொடி வகைக்குக் கடைசி இரண்டு ஜோடி கிடையாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். “காயுறப்ப உதிர்ந்திருக்கும்டி” என்றாள். உதிரவில்லை, அதற்கு இல்லவே இல்லை என்றேன்.

“சரி, மணல் இருக்கும், நாலு தண்ணி அலசு.”