கையில் மிஞ்சிய கட்டை

புத்தக அலமாரியைப் பலகை பலகையாக வாங்கி வந்து நாமே பூட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை என்னுடையது என்பதால், அதன் பின்விளைவுகளுக்கும் நானே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. பெட்டிக்குள் இருந்த வழிகாட்டித் தாளின் முதல் மூன்று படிகளைச் சிரமமின்றி முடித்துவிட்டேன். நான்காம் படி இப்படி இருந்தது:

“திருகாணிகளால் பக்கப் பலகைகளோடு இணைக்கப்பட்ட அடிப்பலகையின் மேல், பின்பலகையைச் செருகுவதற்காக வெட்டப்பட்ட பள்ளம் உட்புறம் நோக்கி இருக்குமாறு, நடுத்தட்டைத் தாங்கும் கட்டையை முழுவதும் முறுக்காமல் பொருத்தவும்.”

நான் படித்த விதம் எளிமையானது. திருகாணி என்று கண்டதும் மேலும் நான்கு திருகாணிகளை இறக்கினேன். பின்பலகை என்று கண்டதும் அதைச் செருகினேன். நடுத்தட்டைத் தூக்கி வைத்தேன். ‘முறுக்கா’ வரை கண் போனதும், மணிக்கட்டு வலிக்கும் வரை முறுக்கினேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது ஒரு கட்டை மட்டும் கையில் மிஞ்சியது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகத் தந்திருப்பார்கள் என நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, இதில் பயனிலை எது?” என்றாள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துபோன சொல் அது. “கடைசியில் இருக்கிறதே, ‘பொருத்தவும்’, அதுதான். எதைப் பொருத்தச் சொல்கிறார்கள் என்று இப்போது தேடுங்கள்.” ‘ஐ’ உருபைத் தேடிப் பின்னோக்கி நகர்ந்தேன். ‘கட்டையை’ என்று இருந்தது. அந்த நீண்ட வாக்கியம் முழுவதும் என்னைச் செய்யச் சொன்ன ஒரே வேலை அந்தக் கட்டையைப் பொருத்துவதுதான். நான் செய்யாமல் விட்ட ஒரே வேலையும் அதுவே.

“அப்படியானால் பின்பலகையையும் நடுத்தட்டையும் என்ன செய்வது? அவற்றிலும் ‘ஐ’ இருக்கிறதே” என்று வாதாடிப் பார்த்தேன். ‘பின்பலகையை’ என்பது ‘செருகுவதற்காக’ என்பதோடும், ‘நடுத்தட்டை’ என்பது ‘தாங்கும்’ என்பதோடும் முடிந்துவிடுகின்றன என்றாள். “இணைத்து என்றிருந்தால் வினையெச்சம், அந்த வேலை உங்களுடையது. இணைக்கப்பட்ட என்பது பெயரெச்சம். எந்த அடிப்பலகை என்று அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். அதை நீங்கள் மூன்றாம் படியிலேயே முடித்துவிட்டீர்கள்.” ‘முறுக்காமல்’ என்ற எதிர்மறை வினையெச்சத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, பலகையில் விழுந்திருந்த விரிசலை ஒருமுறை பார்த்தாள், அதுவே போதுமானதாக இருந்தது.

பெரிய வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடிக்கும் இந்த வித்தை எனக்குப் பிடித்துவிட்டதால், ஐந்தாம் படியை நானே அலசத் தொடங்கினேன். “சிவப்புக் குறியிட்ட பலகையின் துளையில்” என்று ஆரம்பமாகிறது. குறி இருப்பது பலகையிலா, துளையிலா? பெயரெச்சம் பலகையோடும் சேரும், அதைத் தாண்டித் துளையோடும் சேரும் என்பதுவரை இலக்கணம் சொல்கிறது. அதற்கு மேல் பலகையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். எழுதியவர்மீதும் கொஞ்சம் பழி போட முடிந்ததில் எனக்கு ஆறுதல்.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசித் திருகாணியை இறக்கும்போது தாளின் பின்பக்கத்தை மகள் உரக்கப் படித்தாள்: “முழுவதும் படித்த பிறகே பூட்டத் தொடங்கவும்.”

“இந்த ‘பிறகே’யில் உள்ள ஏகாரம் என்ன பொருளில் வந்திருக்கிறது?” என்று கேட்டாள். ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள்களைச் சொல்ல, நன்னூல் செய்யுளில் ஓசையை நிரப்ப வரும் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கியிருக்கிறது. எனக்கு நினைவுக்கு வந்தது ஒன்றுதான்.

“தேற்றம், அதாவது உறுதிப் பொருள்” என்றேன்.

“பிரிநிலை. படித்த பிறகுதான், முன்னால் அல்ல என்று பிரித்துக் காட்டுகிறது” என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.