மாசிக்கு ஒதுக்கப்பட்ட பகுதி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மலையகத்துக் கதைகளைக் கேட்டு எழுதுவதே சில ஆண்டுகளாக என் தொழில். களத்தில் நிற்பவர்கள் பதிந்து அனுப்பும் ஒலிக்கோப்புகளை எழுத்தாக்கி, ஒவ்வொன்றுக்கும் விபரப்படிவம் நிரப்பி, தொகுப்பில் சேர்க்க வேண்டும். பெரும்பாலானவை இலங்கையின் மத்திய மலைநாட்டில் உள்ள நுவரெலியா, பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவை. 1977 தமிழர் எதிர்ப்பு வன்செயலுக்குப் பின்னர் தோட்டங்களை விட்டு வெளியேறிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களிடம் பெற்றவையும் அவற்றிடையே உண்டு.

இந்த வேலைக்கு வருபவர்கள் அநேகமாக ஒரே எண்ணத்தோடுதான் வருகிறார்கள்: மலை உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்தது, ஆகையால் கதைகள் கலப்பில்லாமல் தங்கிவிட்டன என்பதே அது. கோப்புகளைக் கேட்கக் கேட்க எனக்கு இதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. தோட்டங்கள் ஒதுங்கியிருந்தன என்பது மெய். ஆனால் அந்த ஒதுக்கத்தை மலை உண்டாக்கவில்லை. முதலில் கோப்பிக்காகவும், 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை பரவிய பின்னர் அதற்காகவும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் இவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் பிள்ளைகளை, லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்கும் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கும் இடையில் கட்டிவைத்தவை தோட்டத் துரையின் சட்டமும், ஆள் சேர்த்து மேய்த்த கங்காணியின் கடன்கணக்குமே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தது. ஒரே லயத்தில் கதை கேட்டு வளர்ந்த அண்ணன் நீலகிரியிலும் தம்பி இங்குமாகப் பிரிந்துபோன இந்தச் சமூகத்தை, அசையாமல் மலையில் உறைந்து கிடந்த ஒன்றாக வருணிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொன்னர் சங்கர் என்ற சகோதரர் கதையை எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டுக்கும் மணப்பாறை அருகிலுள்ள வீரப்பூருக்கும் உரிய கதை அது. கிளிநொச்சியில் பதிந்த ஒரு கோப்பில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி அதைத் தம் பேரனுக்குச் சொல்லுகிறார். கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வயல்களை அழிக்கும் இடம் வருகிறது. அவருடைய கதையில் அது வயலோடு நிற்காமல் மேலேறிக் கொழுந்து மலையையும் உழுதுவிட்டுப் போகிறது. "எங்கட கச்சான் தோட்டத்துக்கு வந்த பண்டிய விடப் பெருசா அப்பாயி?" என்று, தங்கள் நிலக்கடலைத் தோட்டத்தை நினைத்து, பேரன் இடைமறிக்கிறான். "அது இதுக்குத் தாத்தனுக்குத் தாத்தன், பேசாமக் கேளு" என்று அதட்டிவிட்டு, பொன்னாச்சி என்ற சின்ன நாய் பன்றியை வீழ்த்த உதவியதை, பையனின் கேள்விக்கு ஈடுகொடுப்பதுபோல நெடுநேரம் விரித்துச் சொல்லுகிறார். சுற்றிலும் ஒரு குன்றுகூட இல்லாத வன்னிச் சமவெளியில் இருந்துகொண்டு, "மேமலைக்கு ஏறிப் போச்சு" என்று அவர் சொல்லும்போது பையனுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. காவிரிக்கரையும் தேயிலை மலையும் கச்சான் தோட்டமும் ஒரே கதைக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கலப்பில்லாத வடிவத்தைத் தேடுபவர் இவற்றில் எந்த அடுக்கை உரித்துவிட்டு எதை வைத்துக்கொள்வார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

கதையைத் தாங்கிநிற்பது வேறொன்று என்பதை எனக்குக் காட்டியவை, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் பதிவுகள். மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கம்பம் ஊன்றுவதும், அன்றிலிருந்து இரவு இரவாகக் கதை வளர்ந்து, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் இடத்தை அடைவதும், ரதியின் புலம்பலும் தோட்டத்துக்குத் தோட்டம் சிறு வேறுபாடுகளோடு நடப்பவை. தப்பு என்னும் பறையின் தோல் பனிக்குத் தளர்ந்துவிடுவதால், வைக்கோல் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கிறார்கள். பதிவுகளில் அந்தச் சரசரப்புக்குப் பிறகு ஒலி கூர்மையாவதைத் தெளிவாகக் கேட்கலாம். கதை தெரிந்தவர் ஒருவர் மட்டுமல்லர். பாட்டில் ஓர் அடி தவறினால், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கூட்டத்திலிருந்தே திருத்தம் வருகிறது. மறந்துபோக இடம் கொடாத நாட்காட்டியும், பிழைவிட இடம் கொடாத சபையும் உள்ள இடத்தில் கதை நிலைக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தும் இதற்குச் சாட்சி. இங்கே மலையும் இல்லை, ஒதுக்கமும் இல்லை. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அச்சகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட ஊர் இது. இருந்தும் காத்தவராயன் கழுவேறும் கதை விடியவிடியச் சிந்துநடை என்னும் ஆட்டமுறையில் ஆடப்படுவதற்குக் காரணம், அம்மனுக்கு வைக்கும் நேர்த்தி என்ற வேண்டுதல். நேர்த்தி இருக்கும்வரை கூத்தும் இருக்கும். (நேர்த்திக்கடனைக் காசாகக் கோயிலில் கட்டிவிடுபவர்கள் பெருகிவருவது, என் கணிப்பில், தொலைக்காட்சியைவிடக் கூத்துக்குப் பெரிய கேடு.)

இதனால் விபரப்படிவத்தில் ஒரு மாற்றம் வேண்டுமென்று கேட்டேன். கதையின் தலைப்பு, சொன்னவர், இடம், வகை ஆகியவற்றோடு, கதை எந்தத் தருணத்தில் சொல்லப்படுவது, பதிந்தபோது யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பவற்றுக்கும் நிரல்கள் சேர்க்கப்பட்டன. களத்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஒலிவாங்கியோடு ஒரு முதியவரைத் தனி அறையில் உட்கார்த்திப் பதிவது எளிது, சபையைத் திரட்டுவது எளிதல்ல. ஆனாலும் அந்த நிரலில்தான் இப்போது எனக்குப் பயனுள்ள செய்திகள் கிடைக்கின்றன. பண்டாரவளைப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் ரதி மதன் கலியாணம் வரை ஐப்பசி மாதத்தில் மனமுவந்து சொல்லிவிட்டு, எரியும் இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். "அத இப்ப சொல்லப்படாது தம்பி. மாசில கம்பம் ஊண்டின பொறகு வாங்க, தோட்டமே சொல்லும்" என்றார். அந்தக் கோப்பை முற்றுப்பெறாதது என்று வகைப்படுத்தலாமா என மேலிடத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன், அவர் சொல்லவேண்டிய அளவு சொல்லியிருக்கிறார் என்று விளக்கமெழுதி, மாசியில் களத்தவர் ஒருவரை அங்கு அனுப்புவதற்கான பயணச் செலவு விண்ணப்பத்தையும் கூடவே இணைத்தேன்.